வெஸ்டி குட்டிக்குத் தாடை எலும்பு தடித்துவிட்டது, வாய் திறந்தாலே கத்துகிறான். யாராவது சமாளித்திருக்கிறீர்களா?

பொரியம்மா (கிளாஸ்கோ)

வணக்கம். இந்தப் பக்கத்தை ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன். இப்போது கேட்டே ஆக வேண்டிய நிலை.

எங்கள் வீட்டில் ஐந்து மாத வெஸ்டி (வெஸ்ட் ஹைலண்ட் ஒயிட் டெரியர்) நாய்க்குட்டி இருக்கிறான். பெயர் பொரி. வந்த நாளிலிருந்து சரியான சாப்பாட்டு ராமன். போன மாதக் கடைசியில் ஒரு மாற்றம் தெரிந்தது. உலர் தீனியில் ஒரு மணியை எடுப்பான், ஒரு கடி கடிப்பான், கீழே போட்டுவிடுவான். அதையே சுற்றி வந்து முகர்வான், மறுபடி எடுப்பான், மறுபடி போடுவான். பசி இருக்கிறது, வாய்தான் ஒத்துழைக்கவில்லை என்று பார்த்தாலே தெரியும். முகவாய் முடி எந்நேரமும் எச்சிலில் நனைந்தே கிடந்தது. பக்கத்துக் கிளினிக்கில் பால் பல் விழும் வயது, ஈறு வலிக்கும், சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அப்புறம் ஒரு நாள் சோபாவில் படுத்திருந்தவன் கொட்டாவி விட்டான். வாய் பாதி திறந்ததுமே வீல் என்று ஒரு கத்தல். அன்றைக்குக் காய்ச்சலும் 40 டிகிரி. வேறு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். அந்தம்மா தாடைக்கு அடியில் இரண்டு பக்கமும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, என் விரலைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். எலும்பு மேடும் பள்ளமுமாகத் தடித்திருக்கிறது. மயக்கம் கொடுத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். கிரேனியோமேண்டிபுலர் ஆஸ்டியோபதி, சுருக்கமாக சி.எம்.ஓ. என்றார்கள். இங்கே நாய் வளர்ப்பவர்கள் 'வெஸ்டி ஜா', 'ஸ்காட்டி ஜா' என்றும் சொல்கிறார்கள் (ஜா என்றால் தாடை).

மெலோக்சிகம் என்ற வலிமருந்து கொடுத்தார்கள். முதலில் நன்றாகக் கேட்டது, பொம்மையைக்கூடத் தூக்கிக்கொண்டு ஓடினான். இரண்டு வாரம் போனதும் மறுபடி காய்ச்சல், மறுபடி பட்டினி. 4.8 கிலோ இருந்தவன் இப்போது 4.3. அடுத்து ஸ்டீராய்டு ஆரம்பிக்கலாமா என்று டாக்டர் கேட்கிறார். ஐந்து மாதக் குழந்தைக்கு ஸ்டீராய்டா என்று எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. திருச்சியிலிருந்து மாமியார் மஞ்சள் பத்து போடு, கால்சியம் சிரப் கொடு என்கிறார். வீட்டுக்காரரின் நண்பர் ஒருவர், நாய் வளர்த்து அனுபவம் உள்ளவர், "இழுத்துக்கொண்டே போகாதே, ஊசி போட்டு அனுப்பிவிடுவதுதான் அதற்குச் செய்கிற நல்லது" என்கிறார். வீட்டுக்காரரும் இரண்டு நாளாக வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறார்.

இது உண்மையிலேயே சரியாகுமா? அதுவரை இவனுக்கு என்ன கொடுத்து உடம்பைத் தேற்றுவது? கடந்து வந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

சேலம்_சிங்கம்

சிஸ்டர், இது கால்சியம் குறைபாடுதான். கால்சியம் சிரப் காலையும் மாலையும் ஊத்துங்க, தாடையில மஞ்சளும் உப்பும் சேர்த்துச் சூடா பத்து போடுங்க. எங்க ராஜபாளையத்துக்கு கால் வளைஞ்சப்ப இப்படித்தான் செஞ்சோம், ஒரே மாசத்துல நிமிர்ந்துட்டான்.

ரோமியின் அப்பா (ஹரோ, லண்டன்)

தங்கச்சி, முதலில் ஊசிக் கதையை ஒரு பக்கம் வையுங்கோ. எங்கள் ரோமியும் வெஸ்டிதான். நாலரை மாதத்தில் இதே வருத்தம் வந்தது. இப்ப ஆறு வயது. நேற்றுக்கூடத் தபால்காரரின் சப்பாத்தைக் கடித்து இழுத்து எனக்கு மானக்கேடு.

இந்த வருத்தத்தில் மற்ற எல்லாவற்றையும் விட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கு. இது தானாக நிற்கிற வருத்தம். குட்டி வளருகிற காலத்தில்தான் எலும்பு இப்படிக் கண்டபடி போடும். உடம்பின் மற்ற எலும்புகள் வளர்ச்சியை முடிக்கிற காலத்தில், கிட்டத்தட்ட 11, 12 மாதத்தில், இதுவும் ஓய்ந்துவிடும். அதற்குப் பிறகு தடித்த எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையவும் செய்யும். ரோமியின் தாடையைத் தடவினால் இப்பவும் ஒரு பக்கம் சின்ன மேடு தட்டுப்படும், அவனுக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. அப்ப உங்கள் வேலை என்னவென்றால், அந்தக் காலம் வரும் வரைக்கும் வலியைக் கட்டுப்படுத்துவது, உடம்பு இளைக்காமல் பார்ப்பது. வேறு ஒன்றும் இல்லை.

காய்ச்சலும் வலியும் வந்து வந்து போகும். நல்லா இருக்கிறான் என்று நினைக்கிற நேரத்தில் திரும்ப விழுவான். அந்த நாளில் எந்த முடிவும் எடுக்காதேங்கோ, நண்பர்மாரின் போனையும் எடுக்காதேங்கோ.

ஆனால் டொக்டரிடம் ஒரு கேள்வியை நேரே கேட்க வேண்டும். எலும்பு எங்கே போட்டிருக்கு? கீழ்த்தாடையில் மட்டுமா, இல்லையென்றால் காதுக்குக் கீழே இருக்கிற எலும்புக் குமிழிலும் தாடை மூட்டுப் பக்கமுமா? கீழ்த்தாடையோடு நின்றால் வலிதான் பிரச்சினை. மூட்டுப் பக்கம் பரவி இரண்டு எலும்பும் ஒட்டிக்கொண்டால் வாயே திறக்காமல் போகலாம், அது வேறு கதை. எக்ஸ்ரேயில் வடிவாகத் தெரியாவிட்டால் சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். எங்களுக்கு அப்படித்தான் எடுத்தார்கள். காசு கூடத்தான், ஆனால் அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் மனுசி இரவில் நித்திரை கொண்டா. குட்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கா? நோய் தெரிய வந்த பிறகு எடுத்தால் இதற்குத் தரமாட்டார்கள். முதலே எடுத்திருந்தால் பாலிசியை ஒருக்கால் எடுத்து வாசியுங்கோ, பரம்பரை வருத்தங்களைச் சேர்த்திருக்கிறார்களா என்று.

சாப்பாட்டுக்கு வருவோம். இதில் எங்களுக்கு நல்ல அனுபவம்.

உலர் தீனியை முழுதாக நிறுத்த வேண்டியதில்லை. வெந்நீரில் ஊறப்போட்டு, ஊதிப் பொங்கிய பிறகு பிளெண்டரில் அடியுங்கோ. குட்டிகளுக்கான தீனியையே இப்படி அடித்தால் சத்துக் கணக்குப் பிழைக்காது. கோழியும் சோறும் அவித்துக் குழைத்துக் கொஞ்சம் சேர்க்கலாம், ஆனால் வெங்காயம், உள்ளி (பூண்டு) ஒன்றும் போடக்கூடாது, உப்பும் வேண்டாம். கூழின் பதம்தான் முக்கியம். தண்ணியாக இருந்தால் வயிறு நிரம்பும், எடை ஏறாது. கட்டியாக இருந்தால் மேல் அண்ணத்தில் ஒட்டும், அதை நாக்கால் தள்ளப் போய் வாயைப் பெரிதாகத் திறப்பான், உடனே வலிக்கும், பிறகு அந்தத் தட்டுப் பக்கமே வரமாட்டான். கரண்டியைச் சரித்தால் மெதுவாக வழிந்து இறங்க வேண்டும், சொட்டக்கூடாது. அதுதான் பதம். இளஞ்சூட்டில் வையுங்கோ, மணம் எழும்பும். கிண்ணம் வேண்டாம், தட்டையான பீங்கான் போதும். கிண்ணத்தில் முகவாய் இடிக்கும். தட்டில் என்றால் நாக்கு மட்டும் வேலை செய்யும். அந்தத் தட்டையும் இரண்டு புத்தகம் உயரத்துக்கு ஏற்றி வைத்தோம்.

வலிமருந்து கொடுத்துக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் பெரிய சாப்பாடு வைப்போம். மெலோக்சிகத்தை வெறும் வயிற்றில் கொடுக்கக்கூடாது, அதனால் மருந்தை ஒரு கரண்டிக் கூழோடு கொடுத்துவிட்டு, அவன் வால் எழும்பிய பிறகு மிச்சத்தை வைப்போம். ஒரு நாளைக்கு ஐந்தாறு தரம், கொஞ்சம் கொஞ்சமாக.

ஒன்றுமே தொடாத நாளில் ஊசியில்லாத சிரிஞ்ச். தலையை அண்ணாந்து பிடிக்கக்கூடாது. நேராக இருக்க விட்டு, கன்னத்துப் பக்கமாக, உதட்டுக்கும் பல்லுக்கும் நடுவில் நுனியை வைத்து ஒரு மில்லி விட வேண்டும். தொண்டை அசைந்து விழுங்கியது தெரிந்த பிறகுதான் அடுத்த மில்லி. அவசரப்பட்டால் நுரையீரலுக்குள் போய்விடும், பிறகு நியூமோனியா. இரண்டு நாள் சேர்ந்தாற்போல் இப்படிப் போனால் வீட்டில் வைத்துப் போராட வேண்டாம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ. கழுத்தில் குழாய் வைத்துச் சாப்பாடு கொடுக்கிற வழியும் இருக்கு. பார்க்கப் பயங்கரம், ஆனால் குட்டிகள் நல்லாத் தாங்கும்.

கழுத்துப்பட்டியைக் கழற்றிவிட்டு ஹார்னஸ் போடுங்கோ. கயிறு இழுக்கிற விளையாட்டு, எலும்பு, கடிக்கிற சாமான் எல்லாம் உள்ளே வையுங்கோ. முகவாய் முடியைக் கட்டையாக வெட்டி ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் துடைக்க வேண்டும். எச்சில் ஊறினால் அடியில் தோல் சிவந்து புண்ணாகும், வெஸ்டிக்கு ஏற்கெனவே தோல் பிரச்சினை கூட. வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரத்தில் எடை பாருங்கோ. தினமும் பார்த்தால் உங்களுக்குத்தான் இரத்த அழுத்தம் ஏறும்.

மற்றது, நீங்கள் இருக்கிற இடத்தில் இருந்து ஆர்கைல் பக்கம் போனால் போல்டலோக் என்று ஒரு இடம் வரும். இந்த வெள்ளை நாயை வளர்த்து எடுத்ததில் பெரிய பங்கு அந்த மால்கம் குடும்பத்துக்குத்தான். சின்ன இடத்தில் பிறந்த சாதி, சொந்தத்துக்குள்ளேயே கலியாணம் செய்து வந்த வம்சம். ஸ்காட்டி, கேர்ன் டெரியர் நாய்கள் எல்லாம் ஒன்றுவிட்ட சகோதரங்கள், அதுகளுக்கும் இதே வருத்தம் வரும்.

வேப்பேரி மாணவன் (கால்நடை மருத்துவர், கோவை)

மேடம், ஹரோ ஐயா சொன்னதில் மாற்ற வேண்டியது எதுவும் இல்லை. சிலவற்றைச் சேர்க்கிறேன். முதலில் சேலம் நண்பருக்கு ஒரு பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் ஊரில் கால்சியம் சிரப் இல்லாத நாய் வளர்ப்பு வீடே கிடையாது.

வெறும் கறியும் சோறும் மட்டும் தின்று வளரும் குட்டிகளுக்குக் கால்சியம் போதாமல் எலும்பு மெலிந்து வளையும். உங்கள் ராஜபாளையத்துக்கு இருந்தது அதுவாக இருக்கலாம். தாடைகூட ரப்பர் போல வளைந்துகொடுக்கும் நிலை வரும். பொரிக்கு இருப்பது அதற்கு நேர் எதிர். இங்கே எலும்பு குறையவில்லை, தேவையில்லாத இடத்தில் கூடுகிறது. இதற்குக் கால்சியம் மருந்தே அல்ல; வளரும் குட்டிக்குக் கணக்கில்லாமல் கொடுத்தால் கெடுதலும் வரும். சூடான பத்து வேண்டாம். உள்ளே வீங்கி வலிக்கும் எலும்பின் மேல் அழுத்திப் பூசினால் கடிதான் வாங்குவீர்கள்.

ஏன் வருகிறது என்றால், மரபணு. 2016இல் ஹெல்சின்கி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைமையிலான குழு எஸ்.எல்.சி.37.ஏ.2 என்ற மரபணுவில் ஒரு மாற்றத்தைக் கண்டுபிடித்தது. பழைய எலும்பை அரித்து எடுக்கிற செல்களின் வேலையோடு தொடர்புள்ள மரபணு அது. கட்டுகிற வேலையும் இடிக்கிற வேலையும் சமமாக நடந்தால்தான் எலும்பு ஒழுங்காக இருக்கும். பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் அந்த மாற்றம் வந்திருந்தாலும் நோய் வரலாம், இருவரிடமிருந்தும் வந்திருந்தால் வாய்ப்பு கூடுதல். மாற்றம் இருந்தும் நோயே வராமல் போகிற நாய்களும் உண்டு. அதனால்தான் தாயும் தகப்பனும் நன்றாக இருந்தும் குட்டிக்கு வருகிறது. யார் மேலும் கோபப்பட வேண்டாம், ஆனால் குட்டி வாங்கிய இடத்தில் கட்டாயம் தெரிவியுங்கள். கன்னத்தில் பஞ்சால் துடைத்து எடுத்து அனுப்பினால் பரிசோதிக்கும் ஆய்வகங்கள் உண்டு. அதே ஜோடியை மறுபடி சேர்க்கக்கூடாது.

உங்கள் வீட்டுக்காரரிடம் இதையும் சொல்லுங்கள். மனிதக் குழந்தைகளுக்கும் இதையொத்த நோய் ஒன்று உண்டு, காஃபி நோய் என்பார்கள். பிறந்த சில மாதத்தில் தாடை வீங்கும், காய்ச்சல் வரும், குழந்தை சிணுங்கிக்கொண்டே இருக்கும். அதுவும் பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும்.

ஸ்டீராய்டு பயம் எல்லோருக்கும் உள்ளதுதான். மெலோக்சிகம், கார்ப்ரோஃபென் வகை மருந்துகள் போதாதபோது பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு கொடுப்பது வழக்கமான அடுத்த படி. வளரும் குட்டி என்பதால், வலியை அடக்குகிற மிகக் குறைந்த அளவில், தேவைப்படும் காலத்துக்கு மட்டும் கொடுப்பார்கள். தண்ணீர் நிறையக் குடிப்பான், வீட்டுக்குள் சிறுநீர் போவான், பசி எடுக்கும். கடைசியாகச் சொன்னது உங்களுக்கு லாபமே. இரண்டு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். மெலோக்சிகமும் பிரெட்னிசோலோனும் ஒரே சமயத்தில் கூடவே கூடாது, வயிற்றில் புண் வந்து ரத்தம் கசியும். ஒன்றை நிறுத்தி இடைவெளி விட்டுத்தான் மற்றதைத் தொடங்குவார்கள். இரண்டாவது, தொடர்ந்து கொடுத்துவந்த ஸ்டீராய்டை நாய் நன்றாகிவிட்டதே என்று நீங்களாக ஒரே நாளில் நிறுத்தக்கூடாது. மலம் கறுப்பாகத் தார் மாதிரி போனாலோ, வாந்தி வந்தாலோ உடனே போன் செய்யுங்கள். வலி மட்டும் மிச்சம் இருந்தால் கேபாபென்டின் சேர்க்கலாமா என்று கேட்டுப் பாருங்கள்.

இதை நம் ஊரிலிருந்து படிப்பவர்களுக்காக எழுதுகிறேன். மெலோக்சிகம் என்றதும் மருந்துக்கடையில் மனித மாத்திரை வாங்கிவிடாதீர்கள். நாய்க்கு முதல் நாள் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், அடுத்த நாளிலிருந்து 0.1. பொரியின் எடைக்கு இந்தத் தினசரி அளவு அரை மில்லிகிராமுக்கும் குறைவு. கடையில் கிடைப்பது 7.5, 15. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் பக்கமே போகாதீர்கள். இன்னொன்று, நம் ஊரில் எச்சில் வழிகிறது, தின்ன முடியவில்லை, தாடை சரியில்லை என்று ஒரு நாய் வந்தால் எங்களுக்கு முதலில் தோன்றுவது வெறிநோய்தான். தடுப்பூசி விவரம் தெரியாத நாய் என்றால் எலும்பு சிக்கியிருக்கிறதா பார்க்கிறேன் என்று வாய்க்குள் கையை விடாதீர்கள். தாடை தொங்கிப்போய் மூட முடியாமல் இருப்பது வேறு, பொரி மாதிரி திறக்க முடியாமல் இருப்பது வேறு. ஆனால் அதை நீங்கள் வீட்டில் வைத்துத் தீர்மானிக்க வேண்டாம்.

பொரியம்மா (கிளாஸ்கோ)

அண்ணா, டாக்டர் சார், இரண்டு பேருக்கும் நன்றி. வீட்டுக்காரரை உட்கார வைத்து இரண்டு பதிலையும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். மனிதர் இன்றைக்குத்தான் வாயைத் திறந்தார்.

இன்று டாக்டரிடம் அந்தக் கேள்வியை அப்படியே கேட்டேன். எக்ஸ்ரேயைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். கீழ்த்தாடையின் அடி ஓரம் முழுக்கப் புகை படிந்த மாதிரி சொரசொரப்பாக இருக்கிறது. காதுக் குமிழும் மூட்டும் இப்போதைக்குச் சுத்தம். சந்தேகத்துக்கு ஆறு வாரம் கழித்து மறுபடி படம் எடுக்கலாம் என்றார். மெலோக்சிகத்தை நிறுத்திவிட்டோம், இடைவெளியில் வலிக்குக் கேபாபென்டின், அப்புறம் பிரெட்னிசோலோன். கூழ் விஷயத்தில் கரண்டியைச் சரித்துப் பார்க்கிற வித்தை வேலை செய்கிறது. கிண்ணத்திலிருந்து தட்டுக்கு மாற்றியதும் இருந்ததை நக்கி முடித்துவிட்டு என்னைப் பார்த்தான்.

சேலம் அண்ணாவும் நல்லெண்ணத்தில்தான் சொன்னார், தப்பாக நினைக்கவில்லை. மாமியாரிடம் கால்சியம் வேண்டாம் என்று டாக்டரே சொன்னதாகச் சொல்லிவிட்டேன். சிங்கப்பூர் வழியாகப் பார்சல் கிளம்பிவிட்டதாம்.

ஒரு சந்தேகம். ஆறாவது மாதத்தில் கருத்தடை ஆபரேஷன் என்று முன்பே நாள் குறித்திருக்கிறோம். அதை அப்படியே செய்யலாமா?

வேப்பேரி மாணவன் (கால்நடை மருத்துவர், கோவை)

தள்ளிப் போடுங்கள். அவசரமே இல்லாத ஆபரேஷன் அது. முழு மயக்கம் கொடுக்கும்போது மூச்சுக்குழாயில் குழாய் விட வாயை அகலத் திறக்க வேண்டும். தடித்த தாடையோடு அது சிரமம், திறக்கிற வேகத்தில் வலியும் கூடும். பற்களைச் சுத்தம் செய்வது உட்பட வேறு எதற்காக மயக்கம் கொடுப்பதானாலும் முன்கூட்டியே சி.எம்.ஓ. இருக்கிறது என்று சொல்லுங்கள், வேறு ஊரில் வேறு டாக்டரானாலும். பிரெட்னிசோலோன் ஓடும்போது தடுப்பூசி எப்போது போடலாம் என்பதையும் உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சேலம்_சிங்கம்

டாக்டர் சார் சொன்னா சரி. நம்மளுக்கு இப்படி ஒரு நோய் இருக்குன்னே தெரியாது. பொரிக்கு சீக்கிரம் குணமாகட்டும் சிஸ்டர்.

ரோமியின் அப்பா (ஹரோ, லண்டன்)

தங்கச்சி, மூட்டுச் சுத்தம் என்றால் அரைவாசிக் கவலை போச்சு. ஸ்டீராய்டு தொடங்கினால் அவன் தட்டையும் சேர்த்துச் சாப்பிடுவான், அப்ப கண்டபடி கொடுத்து உருட்டிவிடாதேங்கோ. இரவில் ஒரு தரம் வெளியே கொண்டு போக வேண்டி வரும், அதை வீட்டுக்காரரின் தலையில் கட்டுங்கோ.

ஹார்னஸ் புதிதாக வாங்க வேண்டாம். ரோமி குட்டியாக இருந்தபோது போட்டது சும்மா அலுமாரியில் கிடக்குது, கழுத்தில் அழுத்தாமல் நெஞ்சோடு போகிற மாதிரி. முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவை அளந்து தனிமடலில் போடுங்கோ, சரிவந்தால் தபாலில் அனுப்பிவிடுகிறேன்.